தம்பியின் உடம்பில் போகாத செய்தி

பெரியவளே, சின்னவளே, தம்பிக்கு ஏன் மாதாமாதம் பெங்களூரில் மருந்து ஏற்றுகிறோம் என்று கேட்டீர்களே, எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

குழந்தையிலேயே அவனுக்கு நிமோனியா திரும்பத் திரும்ப வந்தது. சத்து போதவில்லை என்று நாங்கள் ராகிக் கூழாக ஊட்டிக்கொண்டிருந்தோம். பெங்களூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "சாப்பாட்டுல குறை இல்லீங்க" என்றார். கிருமியைப் பிடிக்கிற பொருளைச் செய்யும் அணுக்கள் வளர, அவற்றுக்குள் ஒரு செய்தி போக வேண்டுமாம். அந்தச் செய்தியைக் கடத்தும் புரதத்தைச் செய்யச் சொல்கிற மரபணுவில்தான் தம்பிக்குப் பழுது.

நான் கம்பெனி நினைப்பிலேயே கேட்டேன். "மெஷினுக்கு ஸ்டார்ட் சிக்னல் வரலைங்களா? வயர மாத்திப் போட்டா ஓடாதுங்களா?"

அவர் சிரித்தார். "நல்லாத்தான் கேக்கறீங்க. இப்போதைக்கு அத மாத்த முடியாதுங்க. அந்தப் பொருள வெளியில இருந்து ஏத்திக்கிட்டே இருந்தா பையன் நல்லா வளருவான்."

"வெளியிலன்னா, எந்தக் கம்பெனியில செய்யறாங்க?"

"முன்னபின்ன தெரியாதவங்க குடுத்த ரத்தத்துல இருந்து பிரிக்கறதுங்க."

ஓசூர் வரும்வரை பஸ்ஸில் அதையே யோசித்தேன். மறுநாள் ஷிப்ட் முடிந்ததும், உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ரத்த வங்கிக்குப் போய்க் கையை நீட்டினேன்.