கடைசி மிதவைக்கு முன் ‘வெரசா’ கிடையாது

கைதட்டினார்கள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் செரிக்க முடியவில்லை.

போன வருசம் என் மருமகள் சுகன்யாவைப் படகில் இழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கண்மாய்க் கரையில் இறக்கிவிட்டார்கள். மைக் பிடித்திருந்த ஒருவர், “முயற்சி செய்த சகோதரிக்கு ஒரு பெரிய கைதட்டல்!” என்றார். கரை முழுக்கத் தட்டியது. பாராட்டித் தட்டுகிற கை எது, பாவம் பார்த்துத் தட்டுகிற கை எது என்று எனக்குத் தெரியாதா? அவள் மூழ்கவில்லை. போதும் என்று கை தூக்கவில்லை. நீந்திக்கொண்டுதான் இருந்தாள். சங்கு ஊதிவிட்டதாம். அதற்குள் கரையேறாதவர்களுக்கு அடுத்தது கிடையாதாம்.

அடுத்தது சைக்கிள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவிடாமல் செய்கிற போட்டி அது. டிரையத்லான் என்கிறார்கள். மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கண்மாயில் நடந்தது. எல்லாருடைய சைக்கிளும் கிளம்பிப் போன பிறகு, சுகன்யாவினுடையது மட்டும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் செருகியிருந்த பாட்டிலில் தண்ணீர் ஒரு வாய் குறையவில்லை. அவள் அழவில்லை. முந்தானையில்லாத அந்த ஈர உடுப்போடு போய் சைக்கிள் சீட்டைத் துடைத்தாள்.

“தோத்தா தோத்துட்டுப் போறேன் அத்தே. சைக்கிள் வரைக்குமாச்சும் போயிருக்கணும்” என்றாள்.

அவ்வளவுதான் அவள் கேட்டது. அதைக்கூடக் கொடுக்காமல் கைதட்டி அனுப்பினார்கள்.

சைக்கிளில் அவள் யார் என்று அந்த மைக்காரருக்குத் தெரியுமா? போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கடையில் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை சோலியெல்லாம் முடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தாள் என்றால் போடிமெட்டு வளைவுகள் அத்தனையும் ஏறித்தான் திரும்புவாள். தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்பு ஓட்டுகிறான் என் மகன் மனோஜ். “லோடோட போறப்ப உன் மருமக என்னைய முந்திருவாளோன்னு பயமா இருக்கும்மா” என்பான். மதுரையிலிருந்து விலை கூடிய சைக்கிள்களில் வருகிற கூட்டத்தை ஒருநாள் அவள் வளைவில் முந்திப் போக, அதில் மகாராணி என்கிற பெண் துரத்தி வந்து பேர் கேட்டாள். போட்டி பற்றிச் சொல்லி, நீச்சலுக்குப் போனிலேயே பயிற்சி சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான்.

நீச்சல்தான் சுகன்யாவுக்கு வினை. தெரியாமல் இல்லை. இறங்கியதும் அம்பு மாதிரிப் போவாள். அந்த வேகத்தைப் பார்த்தால் இவளை யார் பிடிப்பது என்று தோன்றும். கொஞ்ச தூரத்தில் மூச்சு முட்டும். கை தண்ணீரை இழுக்காது, அடிக்கத்தான் அடிக்கும். கால் தாழும். பின்னால் நிதானமாக வந்தவர்கள் எல்லாம் தாண்டிப் போவார்கள்.

மகாராணி சொன்னது இதுதான்: சுவருக்குச் சுவர் ஒரு நடை என்றால், முதல் நடையும் கடைசி நடையும் ஒரே நேரம் பிடிக்க வேண்டும். ஒரு நடை நீந்து, சுவரைப் பிடித்துக் கொஞ்சம் இளைப்பாறு, மறுபடி அதே வேகத்தில் போ. மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு முடி. எல்லா நடையும் சமமாக விழுந்த பிறகு இளைப்பாறும் நேரத்தைக் குறை. அதுவும் பழகிய பிறகு வேகத்தைக் கூட்டு. “ஆரம்பம் உங்களுக்கே சோம்பேறித்தனமா தெரியணும் அக்கா. தெரியலைன்னா நீங்க அவசரப்படுறீங்கன்னு அர்த்தம்” என்றாள்.

வேகமாகப் போவதற்கு மெதுவாகப் போகச் சொல்கிறாளே, இது என்ன கூத்து என்றுதான் நான் கேட்டேன். “ஏத்தத்துல மொத வளைவுலயே விரட்டுனா வண்டி சூடாகி நிக்காதாம்மா?” என்றான் மனோஜ். சரி, ஜீப்பு சொன்னால் ஒத்துக்கொள்ளலாம்.

என் கொழுந்தனார் கோட்டைச்சாமியின் தோட்டக் கிணற்றில் பயிற்சி. அகலமான சதுரக் கிணறு. இந்தச் சுவரைத் தொட்டு அந்தச் சுவர் ஒரு நடை. மனோஜ் படியில் உட்கார்ந்து போனில் நேரம் பார்ப்பான். காலையில் ஆளில்லாத நேரம் நீந்தினால் நடை எல்லாம் ஒன்றுபோல விழும். கோட்டைச்சாமி மோட்டார் போட வந்துவிட்டால் எல்லாம் கெட்டது. மேலே நின்றுகொண்டு, “வெரசா! ஏ ஆத்தா, வெரசா போ!” என்று கத்துவார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் சீறிக்கொண்டு பாய்வாள். அடுத்த நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவாள்.

ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, அவர் வருகிற நாளெல்லாம் இதே கதை.

“என்ன புள்ள, அந்தாளு சொன்னா கேக்கணுமா?” என்று மனோஜ் கோபப்பட்டான்.

அவள் படியில் ஏறி உட்கார்ந்து தலையைத் துவட்டினாள். “அந்த வார்த்தையக் கேட்டா என் கையி என் பேச்சக் கேக்க மாட்டேங்குது” என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

அவள் பிறந்தது மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில். ஏலச்செடிக்குத் தண்ணீர் பாய்ச்ச அங்கே பெரிய குழி வெட்டி, தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தேக்கியிருப்பார்கள். படுதாக்குளம் என்று பேர். லயத்துப் பிள்ளைகள் அதில் கால் நனைத்தாலும் காவல்காரன் கம்போடு வருவான். சுகன்யாவின் அக்கா தேவி மேட்டில் நின்று காவல் பார்ப்பாள். இவள் கயிற்றைப் பிடித்து இறங்கி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாய்வாள். “வெரசா! ஆளு வருது, வெரசா!” என்று அக்கா கத்துவாள். இப்படித்தான் இவள் நீச்சல் கற்றது.

“நீந்துறதுன்னா எனக்குத் தப்பிச்சு ஓடுறதுதான் அத்தே. வேற நீச்சல் எனக்குத் தெரியாது” என்றாள்.

அந்தக் குளத்துத் தண்ணீர் பாய்ந்த செடியில் இவள் ஆத்தா விடிந்து பொழுது சாய்கிறவரை குனிந்து காய் பறித்திருக்கிறாள். அவள் பெற்ற பிள்ளை அந்தத் தண்ணீரில் திருடி மாதிரி நீந்த வேண்டியிருந்ததா? அந்தக் காவல்காரன் இன்னும் இவள் முதுகுக்குப் பின்னால் கம்போடு நீந்தி வருகிறான், யாருக்கும் தெரியாமல்! போன தடவை கண்மாய்க் கரையில் ஜீப்பு நிறைய வந்த நாங்களும் ‘வெரசா’ என்றுதானே கத்தினோம். அன்பில் கத்தியதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த வார்த்தையை நிறுத்தினேன்.

“கொழுந்தனாரே, இனிமே கெணத்துப் பக்கம் வந்தா அந்தச் சொல்ல விட்டுட்டு வாரும்.”

“எந்தச் சொல்ல மதினி?”

“அதான், அந்த வெ...”

“வெரசாவா?”

“வாய மூடும்! புள்ள தண்ணிக்குள்ள இருக்கா!”

வீட்டிலும் தடை போட்டேன். காபி கேட்டால்கூட ‘சீக்கிரம்’தான். ஆனால் சுகன்யா ஒன்று சொன்னாள். “மொத்தமா வேணாம்னு சொல்லல அத்தே. கண்மாயில வழிக்குப் போட்டிருக்க கடேசி மிதவையத் தாண்டுன பெறகு சொல்லுங்க. அப்ப தப்பிச்சு ஓடிட்டாப் போச்சு.”

இந்த வருசமும் அதே கண்மாய், அதே மைக்காரர். தண்ணீரில் ஆரஞ்சு நிற மிதவைகளைப் போட்டிருந்தார்கள். கிளம்பியதும் கூட்டம் நுரை கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. சுகன்யா எல்லாருக்கும் பின்னால், கிணற்றில் போகிற மாதிரியே போனாள். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்தால் என்ன, பேச்சு பேச்சுதான்.

“மெதுவா! ஆத்தா, மெதுவா!” என்று கத்தினேன். கோட்டைச்சாமி இன்னும் பெரிய தொண்டையில், “அவசரமே இல்ல தாயி! நின்னு நிதானமா வா!” என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மைக்காரர் மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். “அம்மா, போட்டியாளரை ஊக்கப்படுத்தலைன்னாலும் பரவாயில்லை. இப்படித் தடுக்காதீங்க.”

“ஏய்யா, எங்க வீட்டுப் புள்ளைக்கு எப்படிக் கத்தணும்னு நீ சொல்லித் தர்றியா? போயி ஒஞ் சோலியப் பாரு.”

இரண்டாம் மிதவையில் அவள் ஒருத்தரைத் தாண்டினாள். அப்புறம் இன்னும் சிலரை. தாண்டியவர்கள் அங்கங்கே மல்லாந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவள் கை மட்டும் ஒரே அளவில் விழுந்து எழுந்தது. கடைசி மிதவை வந்தது. படகுக்காரர் சங்குக்கு ஆயத்தமாகக் கையைத் தூக்கியது தெரிந்தது. அவள் மிதவையைச் சுற்றித் திரும்பினாள்.

“இப்ப!” என்றான் மனோஜ்.

அத்தனை நாள் அடக்கிவைத்த வார்த்தை. ஒரு ஜீப்பு சனமும் சேர்ந்து, “வெரசா!” என்று போட்ட சத்தத்தில் கண்மாய்க் கொக்கெல்லாம் எழும்பியது. பாய்ந்தாள் பாருங்கள், படுதாக்குளத்துச் சுகன்யா! சங்கு ஊதியபோது அவள் கரையேறிச் சைக்கிளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

அப்போது அந்த மைக் என்ன சொன்னது தெரியுமா? “குடும்பத்தாரே மெதுவா, மெதுவா என்று தடுத்தும் மனம் தளராத இந்தச் சகோதரிக்கு ஒரு கைதட்டல்!”

நான் தடுத்தேனாம்! நான்!

அவரை விடுவதாக இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையைப் பார்த்து நடந்தேன். வழியில் சைக்கிள் கம்பி இருந்தது. அவள் சைக்கிள் இருந்த இடம் காலி. மண்ணில் ஈரக் கால்தடம் மட்டும் கிடந்தது. அங்கே ஒரு நிமிடம் நின்றேன். பிறகு மேடைக்குப் போய், சொல்ல வேண்டியதை எல்லாம் அந்த மைக்கிலேயே சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.