எங்கள் பங்களாவின் சொந்த ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. கேட்டைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார் ஏழுமலை. எங்கள் ஊர் புதுவாயலில் வீட்டு புரோக்கர். கூடவே ஓர் இளைஞன், அவன் மனைவி, அவள் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

"சார், உங்க பங்களா மாடி காலியாத்தான கீது? நல்ல பார்ட்டி இட்டாந்துகீறேன். கம்பெனில வெல்டரு."

பங்களா! கீழே இரண்டு பெட்ரூம், மேலே ஒரு சின்ன போர்ஷன்... அவ்வளவுதான். முன்பக்கம் இரண்டு தூண் வைத்துக் கட்டியதால் தெருவே அப்படிச் சொல்கிறது. நானும் மறுத்ததில்லை. யாராவது மறுப்பார்களா?

இளைஞன் பெயர் பிஸ்வஜித். ஊர் மேற்கு வங்காளம் என்றான். அவ்வளவுதான், எனக்குள் இருக்கும் போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

ஆதார் இருக்கிறதா? இருந்தது. ஒரிஜினல்தானா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். (பார்த்தால் எனக்கு என்ன தெரியும்?) மூன்று பேர்தானா, அப்புறம் தம்பி, தம்பியின் ஃபிரெண்ட் என்று வருவார்களா? கடுகு எண்ணெயில் சமைப்பீர்களா? கடைசியாக ஒன்று கேட்டேன் — கல்யாண போட்டோ இருக்கிறதா?

எல்லாவற்றுக்கும் உடைந்த தமிழில் பொறுமையாகப் பதில் சொன்னான். போட்டோ மட்டும் ஊரில் இருக்கிறதாம்.

"இப்ப தகர ஷெட்ல இருக்கோம் அண்ணா. எட்டு ஆம்பள. பாத்ரூம் ஒண்ணு, கதவுக்குத் தாப்பா இல்ல. இவ குளிச்சா நான் வெளிய காவல். நான் டூட்டி போனா, இவ குளிக்கிறதில்ல."

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். வீட்டுக்காரர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் போனதும் என் மனைவி சொன்னாள். "அந்தப் பொண்ணு மாடிக்குப் போனதும் ஹாலைப் பாக்கல, கிச்சனைப் பாக்கல. பாத்ரூம் கதவைத்தான் மூணு வாட்டி தாப்பா போட்டுப் பாத்துது. மனசு கேக்கலங்க."

எனக்கு மட்டும் கேட்டதா என்ன? இருந்தாலும் சந்தேகம் என்று ஒன்று இருக்கிறதே...

மறுநாள், பத்திரிகைக்கு வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்திக்காக உட்கார்ந்தேன். எங்கள் தெரு தந்த பட்டத்தைப் பற்றியே கிண்டலாக எழுதலாம் என்று நினைத்து, பங்களா எந்த பாஷைச் சொல் என்று அகராதியைப் புரட்டினேன். ஆங்கிலமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

இல்லை. வங்காளம்!

'பங்களா' என்றால் வங்காளத்து வீடு. அதுவும் மாளிகை இல்லை. தாழ்வான கூரை வேய்ந்த ஒற்றைத்தள வீடு. அங்கே வந்த வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்து, அதே மாதிரி தங்களுக்கும் கட்டிக்கொண்டார்கள். வராந்தா போட்டார்கள், தோட்டம் போட்டார்கள், வாசலில் ஆள் நிறுத்தினார்கள். பார்த்துக்கொண்டிருந்த நமக்கு அது பெரிய மனிதர்கள் வீடாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். வங்காளத்துப் பேரை இத்தனை வருஷமாகப் பெருமையாகச் சுமக்கிறேன். அந்தப் பேரிடம் நான் ஒரு ஆவணமும் கேட்டதில்லை. அந்த ஊர்க்காரன் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து நின்றால் மட்டும் குறுக்கு விசாரணை! வெட்கமாக இருந்தது. நிஜமாகவே.

உடனே கிளம்பி, ஹைவே ஓரத்து டீக்கடையில் ஏழுமலையைப் பிடித்தேன். "அவங்களை வரச் சொல்லுங்க. இன்னைக்கே வந்தாலும் சரி."

ஏழுமலை டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"அவங்க வேற ஊடு பாத்துக்கினாங்க சார். பெரியபாளையம் ரோட்ல. ஒரே ரூமுதான்."

"ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? நம்ம மாடி எவ்வளவு வசதி!"

"அந்தப் பொண்ணுதான் வாணான்னுச்சாம்."

"ஏன்?"

ஏழுமலை என் முகத்தைப் பார்க்கவில்லை. "தப்பா நெனச்சுக்காத சார்... கல்யாண போட்டோலாம் எதுக்குக் கேக்குறாரு, அந்தாளப் பாத்தா எனக்கு சந்தேகமா கீதுன்னு சொல்லிச்சாம்."

மாடி இன்னும் காலிதான். என்னைத் தெரிந்த யாராவது, நான் நல்லவன் என்று ஏழுமலையிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?