அம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பேட்டரி

“இந்தச் சுவருக்குப் பின்னால் யாராவது தூங்குவார்களா?” மெல்போர்னில் எங்கள் வீட்டுக்குப் பேட்டரி மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் கேட்டார். சத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். “என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்குவார். இடி விழுந்தாலும் எழமாட்டார், நீங்கள் துளை போடுங்கள்” என்றேன். அவர் டிரில்லைக் கீழே வைத்துவிட்டார். “தீப்பிடித்தால் எழவேண்டுமே” என்றார். பேட்டரி கராஜ் பக்கம் போயிற்று.

இங்கே வீட்டுக்குப் பேட்டரி வைத்தால் விலையில் ஒரு பங்கை அரசே ஏற்கிறது. பக்கத்து வீட்டு மார்கரெட், கரண்ட் போனால் தன் எலெக்ட்ரிக் காரிலிருந்தே வீட்டுக்குக் கரண்ட் எடுத்துக்கொள்கிறார். கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கூரைமேல் சோலார் போட மானியம் உண்டு. பேட்டரி அவரவர் பாடு. நான் அங்கே இருந்தபோது ஒரு புயலில் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அன்று அம்மாவின் நுரையீரல் நன்றாக இருந்தது. இன்று ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு.

புதுப் பேட்டரியை, ஊரில் அம்மாவோடு இருக்கும் அண்ணனுக்கு வீடியோ காலில் காட்டினேன். “நம்ம வீட்லயும் இருக்கு, பாரு” என்று சிரித்தபடி அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போனை நீட்டினார். பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பிரித்து, டேப் சுற்றி, இன்வெர்ட்டரில் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் டேப்பை மீறிப் புடைத்திருந்தது.

“அண்ணே, அது உப்பியிருக்கு. மொதல்ல வெளியில தூக்கிப் போடுங்க.”

“தூக்கிட்டா, கரண்ட் போறப்ப மெஷின் எதுல ஓடும்? மழை வேற வருதுங்கிறாங்க.”

அம்மா குறுக்கே பேசினார். “இருக்கட்டும் ஆத்தா. கீழயிருந்து கதகதன்னு வருது, இடுப்பு வலிக்கு எதமா இருக்கு.”

அழுதேன், கத்தினேன். “ஒனக்கு அங்கிட்டு உக்காந்துக்கிட்டுச் சொல்றது லேசு” என்று அண்ணன் போனை வைத்துவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்காமல், மறுநாள் காலையில் அதைக் கழற்றிச் சாக்கில் வைத்துக் கொல்லைக் கொட்டகைக்கு இழுத்துப் போயிருக்கிறார். மத்தியானம் வெடித்தது. அணைந்தது என்று நினைத்தபோதெல்லாம் மறுபடி பிடித்து, கொட்டகையே சாம்பலாகிவிட்டது. “வீட்டுக்குள்ள இருந்திருந்தா…” என்றார் அண்ணன்.

இப்போது கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. நான் சொல்லிவைத்த நல்ல பேட்டரி இன்னும் வந்து சேரவில்லை. ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது. சில மணி நேரம்தான் தாங்கும். நேற்று, “இங்கிட்டு மேகம் கருத்துருச்சு, காத்தும் ஆரம்பிச்சிருச்சு. ரோட்டுல மரம் விழுறதுக்குள்ள அம்மாவைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு…” என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். இதை எழுதும்வரை கிடைக்கவில்லை.

நேற்று லைன் அறுந்ததும் போனும் கையுமாகக் கொல்லைப்பக்கம் போனேன். மெல்போர்னில் சுள்ளென்ற வெயில். கொடியில் அப்போதுதான் காயப்போட்ட துணிகளை அவசர அவசரமாக உருவினேன். வேலிக்கு அப்பால் நின்ற மார்கரெட் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம் இல்லை.

“மழை வருமா?” என்று கேட்டார்.

“ஆமாம்” என்றேன். ஈரத் துணிகளை மாரோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.