கோடைக்கு வாங்கோ

“திருப்பிப் போடு, பிள்ளை” என்றார் மாமி.

கசெற்றைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டிவிட்டு நான் மறுபடியும் அழுத்தினேன். பாரிஸிலிருந்து வந்த அத்தானின் குரல், பின்னால் ஏதோ வாகனங்கள் இரைய, அதே உற்சாகத்தோடு திரும்பவும் சொன்னது: “கோடைக்கு வாங்கோ அம்மா. இஞ்சை கோடைதான் திறம்.” கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமி சுளகைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து கிணற்றடிப் பக்கம் போனார். கசெற் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மகன் கூப்பிட்டுவிட்டான் என்ற சந்தோஷத்தில் அழப் போகிறார் என்று நான் நினைத்தேன். என் கணவரும் அப்படித்தான் நினைத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

மாமி என்பது என் கணவரின் தாயார். உடுப்பிட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வெங்காயத் தோட்டம் முழுக்க அவருடைய ஆட்சி. மாமா காலமான பிறகு அந்தச் செம்மண்ணைத் தனி ஆளாக நின்று பார்த்தவர். மூத்த மகன், அதாவது என் அத்தான், எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பிரான்சுக்குப் போய், அங்கே ஒரு கடையில் வேலை என்று சொல்லிவந்தார். அவருக்குக் கடிதம் எழுதப் பஞ்சி, பேனையைத் தொடவே மாட்டார். ஆனால் கதைக்கச் சொன்னால் நிறுத்த மாட்டார். அதனால் எங்கள் வீட்டுக்குக் கசெற்தான் வரும். ஒரு பக்கம் முழுக்கப் பேசி அனுப்புவார். மற்றப் பக்கத்தில் நாங்கள் பேசி அனுப்புவோம். இப்படியே ஐந்து வருஷம் போய்விட்டது. இப்போது அவருக்கு அங்கே பத்திரங்கள் சரிவந்து, தாயைக் கூப்பிட்டு இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து அனுப்ப வழி கிடைத்திருந்தது.

அந்த நாளில் ஊரில் ‘போகிறார்’ என்றால் ஒரேயடியாகப் போகிறார் என்றுதான் பொருள். எப்போது வழி திறக்கிறதோ அப்போது போவார்கள். அங்கே வெயிலா பனியா என்று கேட்டுவிட்டு யாரும் போனதில்லை. ஒருவர் பார்த்துவிட்டு வரப் போகிறார், அதுவும் காலம் பார்த்துப் போகப் போகிறார் என்பது புதினம். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் ஒரு கிழமை அதுதான் கதை. சித்திரையில் போனால் பூப் பார்க்கலாம் என்றார் ஒருவர். ஆவணி முடிய விட்டுப் போனால் சனக்கூட்டம் குறைவு என்றார் இன்னொருவர். நான் சமூகக்கல்வி எடுப்பவள் என்பதால் கடைசித் தீர்ப்பு என்னிடம் வந்தது. மேற்கு ஐரோப்பாவின் காலநிலையை நான் வருஷாவருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அதைத் தவிர எனக்கும் பாரிஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் ஆனி, ஆடிதான் சரி, அத்தான் சொன்னதுதான் சரி என்று ஏதோ அங்கேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் நிலைமை வேறு. பக்கத்து வீட்டு அக்கா “என்ன மாமி, பிரான்சுக்குப் பயணமாம்” என்று வேலிக்கு மேலால் கேட்டதற்கு, “நான் ஒரு இடமும் போகேல்லை” என்று மாமி முகத்தில் அடித்தது போலச் சொன்னார். அத்தானின் பெயர் வந்தாலே வேறு கதைக்குப் போய்விடுவார். சாப்பாட்டிலும் மனம் இல்லை. ஐந்து வருஷமாக ‘என்ரை பிள்ளையை ஒருக்கால் கண்ணாலை கண்டால் போதும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. அவர் போகாமல் விட்டால், அடுத்த தடவை என்று ஒன்று வருமா என்று அந்த நாட்களில் யாராலும் சொல்ல முடியாது. என் கணவர் கோபித்தும் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை.

பிறகு ஒருநாள் பின்னேரம் தோட்டத்தில் நான் சும்மா அவரோடு வரம்பில் குந்தியிருந்தபோதுதான் அது வெளியே வந்தது.

“கோடையிலை நான் தோட்டத்தை விட்டு அசையிறனானே, பிள்ளை?”

“இல்லை மாமி.”

“உனக்குத் தெரியுது, நேற்று வந்தனி. அவன் இந்த வரம்புக்கை பிறந்து வளந்தவன். அவனுக்குத் தெரியாதோ? தெரிஞ்சுகொண்டுதான் கோடைக்கு வா எண்டுறான். வரச் சொன்ன மாதிரியும் இருக்க வேணும், வராமலும் இருக்க வேணும்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வாய்விட்டு வர வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. வர முடியாத நேரத்துக்குக் கூப்பிடுவார்கள். கொடிகாமத்தில் இருந்த மாமியின் தமையன் வீட்டில் காலகாலமாக இதைத்தான் செய்துவந்தார்கள். வெங்காயத்துக்கு இறைப்பு மும்முரமாக நடக்கும் நேரம் பார்த்து “ஒரு கிழமை வந்து நிண்டிட்டுப் போவன்” என்பார்கள். மாமியும் “பாப்பம், வாறன்” என்பார். இரண்டு பகுதிக்கும் விஷயம் விளங்கும். இப்போது அதையே பெற்ற பிள்ளையும் படித்துவிட்டான் என்பதுதான் மாமியின் துக்கம்.

நான் ஆசிரியை என்ற எண்ணத்தோடு தொடங்கினேன். அங்கே கோடை என்றால் இங்கத்தைக் கோடை இல்லை, கிணறு வற்றாது, நிலம் வெடிக்காது, மரமெல்லாம் அப்போதுதான் பச்சைப்பசேல் என்று இருக்கும், இரவு பத்து மணி மட்டும் வெளிச்சம் நிற்கும் என்று விளங்கப்படுத்தினேன். மாமி பொறுமையாகக் கேட்டார். “அங்கத்தைக் கோடை எப்பிடியும் இருக்கட்டும்” என்றார். “இஞ்சத்தைக் கோடையிலை வெங்காயத்துக்கு ஆர் இறைக்கிறது?” என் கணவர் தான் இறைப்பதாகச் சொன்னார். மாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீ இறைச்சால் வெங்காயம் எல்லாம் அழுகி, நான் வர மண்தான் மிஞ்சும்.” உள்ளதைச் சொன்னால் அதிலும் நியாயம் இருந்தது. என் கணவருக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. பின்வளவில் ஒரு வாழை கூட அவர் கையால் உருப்பட்டதில்லை.

மனத்தில் இருப்பதை மகனிடமே சொல்லிவிடுங்கள் என்று நான் பிடிவாதமாக நின்று, கசெற்றின் மற்றப் பக்கத்தைப் போட்டு மாமியின் முன்னால் வைத்தேன். வழக்கமாக மாமி கசெற்றுக்குப் பேசும்போது தொலைவில் நிற்கிறவரைக் கூப்பிடுவது போலக் கத்துவார். அன்று மெதுவாகத்தான் பேசினார். “தம்பி, கோடையிலை நான் எப்பிடி வாறது? வெங்காயத்துக்கு ஆர் இறைக்கிறது? வர வேண்டாமெண்டால் வர வேண்டாமெண்டு சொல்லு அப்பன். அம்மா கோவிக்கமாட்டன்.” அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. நான் நிறுத்துவதா விடுவதா என்று தெரியாமல் இருந்தேன். மிச்சப் பக்கத்தில் எங்கள் வளவுக் காகங்களின் சத்தம்தான் போயிருக்கும்.

மறுமொழி வரக் கனநாள் எடுத்தது. அந்தக் கசெற்றைப் போட்டபோது தொடக்கத்தில் சத்தமே இல்லை. கெட்டுப்போன கசெற்றோ என்று நான் பெட்டியைத் தட்டப் போனேன். அப்போது அத்தானின் குரல் வந்தது. உற்சாகம் ஒன்றும் இல்லாத, உடைந்த குரல்.

“அம்மா, நான் வெங்காயத்தை மறந்துபோனன்.”

மாமி என்னைப் பார்த்தார். திருப்பிப் போடச் சொல்லவில்லை. அவருடைய கண் கலங்கியிருக்க, வாய் சிரித்தது. அத்தான் தொடர்ந்து என்னென்னவோ சொன்னார். அம்மாவுக்குப் பாரிஸின் வடிவைக் காட்ட வேண்டும் என்ற ஒன்றைத்தான் நினைத்ததாகச் சொன்னார். எந்தக் காலத்தில் வந்தாலும் சரி, ஆனால் மாரியில் மட்டும் வேண்டாம், அப்போது அங்கே குளிர், இருட்டு, பார்க்க ஒன்றும் இராது என்று கெஞ்சினார். மாமி அதில் ஒன்றையும் காதில் போட்டதாகத் தெரியவில்லை. “ஐஞ்சு வருஷத்திலை வெங்காயத்தை மறந்துபோனான்” என்று அன்றைக்கே வேலிக்கு வேலி போய்ச் சொல்லத் தொடங்கினார். முதலில் முறைப்பாடாகச் சொன்னார். இரண்டு மூன்று வீடு தாண்ட அதுவே சொல்லிச் சிரிக்கிற பகிடியாகிவிட்டது. போகிறதென்றால் மாரிக்குத்தான் போகிறது என்றும் முடிவாகிவிட்டது. மழைக்குத் தோட்டம் சும்மா கிடக்கும், பொங்கலோடு திரும்பி வந்து வெங்காயம் நடலாம். பாரிஸைப் பார்க்க எந்தக் காலம் திறம் என்ற கேள்விக்கு எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரும் சொல்லாத விடை அது.

ஐப்பசியில் எங்கள் பக்கம் மழை பிடித்த கையோடு பயணம் தொடங்கியது. போவதற்கு முதல்நாள் மாமி ஏணி வைத்து ஏறி, விதைக்கென்று கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்த வெங்காயப் பிடிகளில் ஒன்றை அவிழ்த்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கறிக்கு வெங்காயம் இல்லாமல் போனாலும் அதில் கைவைக்க அவர் விட்டதில்லை. “மறந்துபோனவருக்குக் காட்ட” என்று சொல்லிக்கொண்டே, பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் பக்குவமாக வைத்தார். எனக்கு மாமியில் உண்மையான பாசம் வந்தது அன்றைக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதுவரை பயம்தான் கூட.

பொங்கலுக்கு முன்னமே திரும்பி வந்துவிட்டார். நிறம் வெளுத்து, கன்னம் கொஞ்சம் சதை வைத்திருந்தது. ஊர்ச் சனம் புதினம் கேட்க வந்து குவிந்தது. அவர்களுக்கு ஏமாற்றம்தான்.

“மரமெல்லாம் பட்டுப்போய் நிக்குது. மருந்துக்கும் ஒரு இலை இல்லை. விறகுக்கெண்டாலும் ஆரும் வெட்டினமோ எண்டால், அதுவும் இல்லை.”

“அந்தப் பெரிய கோபுரம் பாத்தனீங்களோ?”

“பாதி பாத்தன். மேல்பாதி முகிலுக்கை.”

ஆற்றைப் பார்த்தாராம், குளத்துத் தண்ணீர் போலக் கலங்கிக் கிடந்ததாம். அத்தான் வாங்கிவைத்த நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனது நாலைந்து தரம்தானாம், அதற்குள் சாக்குக்குள் கட்டிவைத்த வெங்காயம் மாதிரி இருந்ததாம். நான் ஆசிரியர் அறையில் சொன்னதெல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. “கோடைக்குப் போயிருக்கலாம், மாமி” என்று சனம் போன பிறகு மெல்லச் சொன்னேன்.

மாமி கோவிக்கவில்லை. காலை நீட்டி இருந்துகொண்டு, மற்றவர்களுக்குச் சொல்லாததை எனக்குச் சொன்னார். அத்தான் கடையில் வேலை என்று சொல்லிவந்தாரே, அது ஐஸ்கிறீம் கடையாம். நாங்கள் அதை ஏதோ பலசரக்குக் கடை என்றே நினைத்திருந்தோம். குளிர் தொடங்கினால் அங்கே ஐஸ்கிறீம் குடிக்க ஆள் இல்லை, கடையைப் பூட்டிவிடுவார்களாம். மாரி முழுக்க வேலை இல்லாமல் ஒரு சின்ன அறைக்குள் இருப்பதைத் தாய் காணக்கூடாது என்றுதான் மாரியில் வர வேண்டாம் என்று அத்தான் அவ்வளவு கெஞ்சியது. மாமி கோடையில் போயிருந்தால், அத்தான் விடிய வேலைக்குப் போய்ச் சாமம்தான் திரும்புவாராம். அவருடைய முகத்தையே கண்டிருக்க முடியாதாம்.

“நான் கும்பிட்ட தெய்வம் கைவிடேல்லை, பிள்ளை. வேலை இல்லாமல் வீட்டிலையே இருந்தான். மூண்டு நேரமும் என்ரை கையாலை போட்டுக் குடுத்தன். தலைக்கு எண்ணெய் வைச்சன். மத்தியானத்திலை நித்திரை கொண்டான். நான் பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டிருந்தன்.” பிறகு, “குறட்டை தகப்பன் மாதிரியே” என்றார்.

அதற்குப் பிறகு மாமி பாரிஸுக்குப் போகவில்லை. பாதைகள் மூடின, மின்சாரம் போனது, கசெற்றும் வராமல் நின்றது. ஆனால் அத்தானின் கதை வரும்போதெல்லாம் மாமி ஏங்கிக்கொண்டிருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவர் மாதிரித்தான் இருந்தார். பட்டமரங்களின் கதையைச் சொல்லிச் சிரிப்பார். அவர் காலமாகியும் இப்போது பல வருஷம்.

போன வருஷம் ஆனி மாதம் நானும் என் கணவரும் முதல்தடவையாகப் பாரிஸுக்குப் போனோம். காலத்தைத் தெரிந்தெடுத்தது நான்தான்; ஓய்வு பெற்றாலும் சமூகக்கல்வி போகாதே. நான் கரும்பலகையில் கீறியதெல்லாம் கண்முன்னால் இருந்தது. மரங்கள் நிறைய இலை, தெருவோரமெல்லாம் பூ, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். கோபுரத்தின் உச்சிவரை ஏறினோம். ஆற்றில் வள்ளத்தில் போனோம். எல்லா இடமும் அத்தானின் மகள்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஒரு குறையும் இல்லை. அத்தானுக்கு இப்போது சொந்தமாகவே ஒரு ஐஸ்கிறீம் கடை. அந்த வெயிலுக்கு வாசலில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. இரண்டு கிழமையில் அவரோடு ஆறுதலாக இருந்து ஒருநேரம் சாப்பிட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

புறப்படுகிற அன்று எங்களை வழியனுப்ப அத்தான் கடைக்குள்ளிருந்து வாசலுக்கு ஓடி வந்தார். மேலங்கியைக் கழற்றக்கூட நேரம் இருந்திருக்காது. என் கணவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போகத் திரும்பியவர், நின்று, என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, அடுத்த முறை மார்கழிக்கு வாங்கோ. இஞ்சை பாக்க ஒண்டும் இராது.”