பிச்சைமுத்துவின் கால் காப்பு

ஈப்போ சிலிபினில் என் ரேடியோ ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரேடியோவுக்காக வருவதில்லை. யார் வீட்டில் யாருக்குப் பேச்சில்லை, எவன் மகள் எவன் மோட்டார் சைக்கிளில் ஏறினாள் என்று கேட்கத்தான் வருவார்கள். நானும் ஒன்றுக்கு ஒன்றரையாகச் சொல்லி அனுப்புவேன். ஆனால் பிச்சைமுத்து விஷயத்தைக் கடையில் வைத்து ஒருநாளும் நான் பேசியதில்லை.

பிச்சைமுத்துவும் நானும் ஒரே எஸ்டேட்டில் பிறந்தவர்கள். அவனுக்கு முன்னால் பிறந்த நாலு பிள்ளைகளும் தங்கவில்லை. ஐந்தாவதாக இவன் வந்ததும் அவன் அம்மா மாரியம்மன் கோயில் வாசலில் மடியேந்திப் பிச்சை எடுத்து, அந்தப் பெயரையே வைத்தாள். இடது காலில் செம்பும் இரும்பும் முறுக்கிய காப்பு ஒன்றையும் போட்டாள். சாமி இந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க அந்தக் காப்பு. பன்னிரண்டு வயதில் கொல்லன் அதைப் பெரிதாக்கினான். அதற்கப்புறம் பாதம் வளர்ந்துவிட்டது, காப்பு கழலவில்லை. "மாட்டுக்குக் கழுத்துல, உனக்குக் காலுலயா?" என்று நாங்கள் கேலி செய்வோம். ஒருமுறை பூரான் கடித்துக் கால் வீங்கியபோது எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் காப்பை வெட்டலாம் என்றார். அவன் வெட்ட விடவில்லை. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றதும் எல்லாரும் ஈப்போவுக்கு வந்தோம். அவனுக்கு ஜெலாப்பாங் பலகைத் தொழிற்சாலையில் வேலை. பெண்டாட்டி நல்லம்மாள். ஒரே மகன் கார்த்திகேசு, பத்தொன்பது வயது.

எண்பத்து நாலாம் வருஷம் கார்த்திகேசு கூட்டாளிகளோடு தெலுக் பாத்தேக் கடலுக்குக் குளிக்கப் போனான். பாறைப் பக்கம் இறங்கியவன் ஏறவில்லை. போலீஸ் நாலு நாள் படகு விட்டது. உடல் கிடைக்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி செய்ய வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது நல்லம்மாள் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எம்புள்ள செத்தத யாருலா பார்த்தா? எதாச்சும் கப்பல்ல ஏறிப் போயிருப்பான். அவன் இடுப்புல வெள்ளி அரைஞாண் கெடக்கு, தாயத்தோட. அதயாச்சும் கொண்டாந்து காட்டுங்க, அப்பறம் நான் தலை முழுகுறேன்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மகனுக்குத் தட்டில் சோறு போட்டு மூடி வைப்பாள். காலையில் அதைக் கோழிக்குப் போடுவாள். அவள் சாப்பிடுவது குறைந்துகொண்டே போனது. நாற்பது நாளில் கழுத்தெலும்பு வெளியே வந்துவிட்டது.

"மச்சான், இப்படியே விட்டா இவளும் போயிருவா" என்று பிச்சைமுத்து என் கடையில் வந்து உட்கார்ந்தான். "கடலுக்குள்ள இரும்பு, வெள்ளி தேடுற மெஷின் ஒண்ணு இருக்காமே?"

இருந்தது. ஜெலாப்பாங் பழைய இரும்புக் கடைச் சீன முதலாளி, தவுக்கே ஆ ஹொக்கிடம். யாரோ வெள்ளைக்காரன் விட்டுப் போனது. ஜப்பான்காரன் புதைத்த தங்கத்தைத் தேடுகிறேன் என்று அதைத் தூக்கிக்கொண்டு பங்கோர் தீவுக்குப் போன தவுக்கே, பதினொரு பீர் மூடியோடு திரும்பி வந்த கதை ஈப்போ முழுக்கத் தெரியும். நான்தான் சொன்னேன். அந்தக் கோபத்திலும் மனுஷன் விஷயத்தைக் கேட்டதும் மெஷினை இரவலாகக் கொடுத்தார்.

மெஷினைச் சாக்கில் சுற்றி, இரண்டு பஸ் மாறி, காலையில் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நீளக் கம்பு, அதன் அடியில் சட்டி மூடி மாதிரி வட்டத் தட்டு, மேலே ஒரு பெட்டி, காதில் மாட்டிக் கேட்க ஒரு சாமான். தட்டுக்குக் கீழே உலோகம் இருந்தால் காதில் கத்தும். அவ்வளவுதான்.

பிச்சைமுத்து இடுப்புத் தண்ணீரில் இறங்கித் தட்டைத் தரையோடு அசைத்தான். உடனே கத்தியது.

"மச்சான்! இங்கதான்லா!"

முங்கினான். இரண்டு கையிலும் மணல்தான். ஒரு எட்டு வைத்தான், கத்தியது. இன்னொரு எட்டு, அங்கேயும் கத்தியது. பாறையடிவரைக்கும் ஒவ்வொரு எட்டிலும் அவன் மகன் "இங்கே, இங்கே" என்று கூப்பிடுகிற மாதிரி அது கத்த, இவன் முங்கி முங்கி எழுந்தான். கண் சிவந்து, மூக்கில் தண்ணீர் ஒழுகியது. என்னால் பார்க்க முடியவில்லை.

"மெஷின் ரோசாக் மச்சான், கொண்டா" என்று வாங்கினேன். கெட்டுப்போனதைத் திறந்து பார்ப்பதுதானே என் பிழைப்பு.

ஒவ்வொரு தடவை சரிபார்த்ததும் அவன் கையில்தான் கொடுத்து இறக்கினேன். பேட்டரி எட்டையும் மாற்றினேன். கத்தியது. பெட்டியைத் திறந்தேன். ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருந்தது. துடைத்து, கிரீஸ் தடவி மூடினேன். கத்தியது. கம்பில் ஒயர் தொளதொளவென்று ஆடினாலும் கத்துமாம். சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினேன். அப்போதும் கத்தியது. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று திருகைக் குறைத்தேன். இப்போது ஊமையாகிவிட்டது. காசைப் போட்டால்கூடச் சத்தமில்லை. மறுபடி ஏற்றினேன்.

கடைசியில் நானே இறங்கி நடந்து பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. காசைப் போட்டேன், கத்தியது. காசை எடுத்தேன், நின்றது. அவன் கையில் கொடுத்தேன். ஓவென்று அலறியது.

"உன் மூஞ்சி அதுக்குப் பிடிக்கல மச்சான்" என்று சிரித்த நான், அவன் காலை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். தண்ணீருக்கடியில் தட்டு போகிற இடமெல்லாம் அந்தக் காப்பும் கூடவே போகிறது.

சொன்னேன். அவன் குனிந்து தண்ணீரையே பார்த்தான். "அப்ப காலையிலேருந்து கத்துனது பூரா நான்தானா?"

"நீ கரையில உட்காரு. நான் தேடுறேன்."

"நீ எடுத்துக் குடுத்தா அவ நம்ப மாட்டா மச்சான். எங்கயோ வாங்கியாந்ததுன்னு சொல்லுவா. உன் வாய் அவளுக்குத் தெரியும்."

அவன் கரையேறி, பாறையில் காலை நீட்டி, என் ரிப்பேர் சாமான் பையைக் காட்டினான்.

"இரும்பறுக்கிற வாள் இருக்குல்ல? அறு."

"மச்சான், உங்கம்மா..."

"அறுலா."

அரை மணி நேரம் அறுத்தேன். காப்புக்குக் கீழே தோல் குழந்தைத் தோல் மாதிரி வெள்ளையாக இருந்தது. அவன் காப்பைத் தண்ணீரில் போட்டுத் தட்டை நீட்டினான். சரியாக அதன் மேலே மட்டும் கத்தியது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுச் சட்டையைக் கரையில் வைத்தான்.

பிறகு தேடினான். பாறையடியிலிருந்து மறுகோடி மரம் வரைக்கும், கழுத்தளவுத் தண்ணீர் வரைக்கும், போய் வந்து, போய் வந்து. ஒரு துருப்பிடித்த ஆணி கிடைத்தது. நாலைந்து பீர் டின் வளையம். மற்றபடி மெஷின் வாயே திறக்கவில்லை. அலை ஏறியதும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மெஷின் இன்னும் சரியில்ல போல, மச்சான்."

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கும் தெரியும்.

"ஆமா மச்சான். சுத்தமா ரோசாக். இத வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஒருத்தன் என்னிடம் கேட்டு வாங்கிய பொய் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். நல்லம்மாள் மகனுடைய தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மெஷின் கெட்டுப் போச்சும்மா" என்று ஆரம்பித்தேன். "பேட்டரி, ரப்பர், எல்லாம் பார்த்தேன். தவுக்கேகிட்ட குடுத்து, அடுத்த வாரம்..."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பைப்படியில் கால் கழுவப் புருஷன் கைலியைத் தூக்கினான். அந்த வெள்ளைத் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்ப வெட்டிட்டீங்களா?"

அவன் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"காலு அழுகுனாலும் வெட்ட மாட்டேன்னு கெடந்த மனுசன். வெட்டித் தேடியும் வெறுங்கையோட வந்திருக்கீங்க. அப்ப உங்களுக்கும் தெரிஞ்சிருச்சு, புள்ள இல்லன்னு." கையில் இருந்த தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "அண்ணே, கருமாதிக்குப் பூசாரிகிட்ட சொல்லிருங்க."

உடல் இல்லாததால் பூசாரி தர்ப்பையில் ஆள் செய்தார். நல்லம்மாள் அந்தக் காப்பைக் கொண்டுவந்து புல்லின் காலில் மாட்டினாள். வெட்டிய வாய் சேரவில்லை, நூல் சுற்றிக் கட்டினாள்.

"புல்லுக்கு எதுக்கும்மா காப்பு?" என்றார் பூசாரி.

"இவன் சொகமாப் பொறந்தான், சாமி. அதான் அவங்கப்பாவுக்குப் போட்ட மாதிரி இவனுக்குக் காப்பு போடாம விட்டுட்டேன்."

புல் எரிந்தது, காப்பு எரியவில்லை. மறுநாள் சாம்பலோடு அதையும் சட்டியில் போட்டு அதே பாறையடியில் கரைத்தோம். இனி எவன் வந்து அந்த இடத்தில் மெஷினைப் போட்டாலும் கத்தும்.