விஜயகலா வாயில் வைக்காத மசியல்

கன்னையாவுக்குச் சந்தேகம் பிறவிக்குணம். ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் எல்லோரும் தராசு முள்ளை ஒரு தரம் பார்த்தால், அவர் குனிந்து பார்ப்பார், நிமிர்ந்து பார்ப்பார், பக்கவாட்டில் போய் நின்றும் பார்ப்பார். பஸ்ஸின் நெற்றியில் கரவனெல்ல என்று எழுதியிருந்தாலும் கொண்டக்டரிடம் ஒரு தடவை, பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு தடவை கேட்ட பிறகுதான் உட்காருவார். கோயில் திருநீற்றையே முகர்ந்து பார்த்துவிட்டுப் பூசியவர் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் கேலி செய்வார்கள். அது பொய்யில்லை. அந்த வருஷம் திருநீற்றில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று யாரோ கதை கட்டியிருந்தார்கள்.

இப்படிப்பட்ட மனுஷனின் பெண்சாதி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய், வருஷக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் அவர் நிம்மதியாகத் தூங்குவாரா?

விஜயகலா குவைத்துக்குப் போனபோது மகள் கிருஷ்ணகுமாரி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது மகள் கல்யாணமாகிப் பெல்மதுளையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். நடுவில் கிடந்த அத்தனை வருஷமும் கன்னையாதான் வீட்டுக்கு ஆண், பெண் எல்லாம். விடியலில் மலையேறி ரப்பர் பால் வெட்டினார், இறங்கி வந்து சோறு வடித்தார், மகளுக்குத் தலை பின்னிவிட்டார். பின்னல் கோணலாகத்தான் இருக்கும், ஆனால் அவிழாது. வேறொரு பெண் அந்த வாசற்படியை மிதித்தாள் என்று அந்தத் தோட்டத்தில் ஒரு நாக்கும் சொல்ல முடியாது. அந்தப் பெருமை அவருக்கு உள்ளே நிறைய இருந்தது. நான் இப்படி இருந்தேன், நீ அங்கே எப்படி இருந்தாய் என்ற கேள்வியும் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

அவள் வந்த கொஞ்ச நாளில் கன்னையாவின் வலது கால் பெருவிரலில் ஒரு கல் குத்தியது. சின்னக் காயம்தான். ஆனால் ஆறவில்லை. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சீனி எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார் டொக்டர். சோறு, ரொட்டி, கிழங்கு, பாண் எல்லாவற்றையும் குறைக்க வேண்டும், அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார். பெருவிரல் இல்லாமல் அந்த வழுக்குச் சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்க முடியுமா? விரல் போனால் பால் வெட்டும் போச்சு. கன்னையா அதை நினைத்து நினைத்துப் பயந்தார்.

விஜயகலா ஞாயிற்றுக்கிழமை பொலச் சந்தைக்குப் போய், கோழிக் குஞ்சைத் தூக்கி வருவதுபோல் ஒரு பூக்கோவாவை அணைத்துக்கொண்டு வந்தாள். லயத்தில் காலிஃபிளவர் வாங்குகிற வீடு எது? பூவைப் பிய்த்து உப்புத் தண்ணீரில் போட்டாள். வெள்ளைப்பூண்டோடு இடியப்பத் தட்டில் வைத்து ஆவியில் அவித்தாள். பிறகு துணியில் கட்டி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்தாள். பருப்பு மத்தால் கடைந்து, துளி பட்டர், கட்டியான முதல் தேங்காய்ப்பால், மிளகுத்தூள் சேர்த்து, இன்னும் கடைந்தாள். மீன் குழம்புக்கும் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டிய வல்லாரை மல்லுங்குக்கும் பக்கத்தில், சோறு இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக, வழவழவென்று அது வந்து உட்கார்ந்தது.

"என்னா இது?"

"பூக்கோவா மசியல்ங்க. கிழங்கு மாதிரியே இருக்கும், ஆனா சீனி ஏத்தாது. குவைத்துல மேடம் வீட்டுல இதுதான் செய்வேன்."

கன்னையா தட்டைப் பார்த்தார். ஆயுசு முழுக்க வெள்ளையாக உறைகிற ஒரே ஒரு சாமானைத்தான் அவர் பார்த்திருக்கிறார். எசிட் ஊற்றியதும் தட்டில் திரண்டு நிற்கும் ரப்பர் பால். அதைத் தின்னச் சொன்னால் எப்படி இருக்கும்? இருந்தாலும் விரலை நினைத்து வாயில் வைத்தார். ருசி மோசமில்லை. மோசமில்லாததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு ருசியான சாப்பாடு வியாதிக்காரனுக்கு எப்படி நல்லதாகும்?

இரண்டு மூன்று நாளில் அவர் கண்ணில் ஒன்று பட்டது. விஜயகலா எந்தக் கறி வைத்தாலும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கி, உப்பு பார்ப்பாள். குழம்பு, பருப்பு, கீரை எதையும் விட்டதில்லை. இந்த மசியலை மட்டும் பார்ப்பதில்லை. கரண்டியில் ஒட்டியதைக்கூட வழித்துச் சட்டியில் போட்டுவிட்டு உடனே கையைக் கழுவினாள். அவர் சாப்பிடும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

பால் நிறுக்கும் இடத்தில் காளிதாஸிடம் வாயை விட்டார். காளிதாஸ் பக்கத்து மலையில் பால் வெட்டுகிறவன். அடுத்தவன் வீட்டில் புகை வந்தால் ஊதிப் பெரிதாக்குவதில் கெட்டிக்காரன்.

"மச்சான், சமைச்சவ திங்காத கறியை நீ ஏன் திங்கிற? இது இடுமருந்துதான். வெளிநாட்டுல இருந்து வர்றவளுக கையில என்னா வச்சிருப்பாளுகன்னு யாருக்குத் தெரியும்? புருஷன் கேள்வி கேக்காம வாயைப் பொத்திக்கிட்டு கெடக்க மருந்து போடுவாளுக."

"எனக்கு எதுக்குடா அவ மருந்து போடணும்?"

"நீ கேக்கக் கூடாத ஒண்ணு அங்க இருக்கும். இல்லாட்டி எதுக்கு?"

அவ்வளவு போதும். சந்தேகத்துக்குத் தீனி கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து விஜயகலா தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் பார்த்து, கன்னையா மசியலை அள்ளிப் பின்பக்கத்துச் சாக்கடைக் கானில் கொட்டினார். மீனையும் மல்லுங்கையும் மட்டும் தின்றுவிட்டு, பசி தாங்காமல் சந்தியில் இருக்கும் பளீல் நானா கடைக்குப் போய், பணிஸும் சீனி போட்ட பிளேன்டீயும் அடித்தார். மருந்துக்குப் பயந்த மனுஷனுக்குச் சீனி பயமாகத் தெரியவில்லை. அதுதான் சந்தேகம் செய்கிற வேலை. ஒரு பக்கம் மட்டும் கண்ணைத் திறந்துவிடும்.

அடுத்த கிளினிக்கில் சீனி இன்னும் ஏறியிருந்தது. காயத்தின் ஓரம் கறுத்திருந்தது. நர்ஸ் மிஸ் இரத்தம் பார்த்த துண்டைப் பார்த்தாள், விஜயகலாவை நிமிர்ந்து பார்த்தாள். "மொனவாத கன்ன தென்னே?" என்று பிடித்துக்கொண்டாள். என்னதான் தின்னக் கொடுக்கிறாய், வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனுஷனைக் கவனிக்கத் தெரியாதா, விரல் போன பிறகு அழுவாயா என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளினாள். வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. விஜயகலாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். டொக்டர் ஒரே ஒரு தவணை கொடுத்தார். அதற்குள் இறங்காவிட்டால் வெட்டுத்தான்.

குற்றமில்லாதவள் வாயைத் திறந்திருப்பாளே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கன்னையா யோசித்தார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளை ஓரக்கண்ணால் பார்த்தார். பாவமாக இருந்தது. பாவம் பார்க்க வைப்பதும் மருந்தின் வேலையாக இருக்கலாம் என்று உடனே தோன்றியது.

சாயங்காலம் அவள் மறுபடியும் மசியலைக் கிண்டி வைத்தாள். கன்னையா தட்டைத் தொடவில்லை.

"மொதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு."

"எனக்குப் பசிக்கலைங்க."

"பசிக்கலைன்னாலும் பரவால்ல. நான் பாக்கணும். சாப்பிடு."

அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. கரண்டியால் அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, வாயில் போட்டு விழுங்கினாள். விழுங்கிய கையோடு வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். கானோரம் குந்தி, குடலே வெளியே வரும்படி வாந்தியெடுத்தாள்.

மாட்டிக்கொண்டாள்! கன்னையா நொண்டிக்கொண்டே பின்னால் போனார்.

"என்னாத்தடி போட்ட அதுல?"

"ஒண்ணும் போடலங்க." வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "என்னால அதைத் திங்க முடியாது. அந்த மேடம் ஒடம்பைக் குறைக்கிறேன்னு வீட்டுக்குள்ள அரிசி, மாவு எதையும் எடுக்காது. தனியாத்தான் இருந்துச்சு. இதை ரெண்டு கரண்டி தின்னுட்டுப் போயிரும். மிச்சம்தான் எனக்கு. காலையிலயும் அது, பகலுக்கும் அது. ஆறி, தண்ணி விட்டுக் கெடக்கும். ஒருநாள் ஒரு ரொட்டி கேட்டேன். வேலைக்காரிக்கு வயிறு நெறஞ்சா கை ஓடாதுன்னு சொல்லிச்சு."

"நல்ல சாப்பாடுன்னுதானே போன்ல சொன்ன?"

"வேற என்னாத்தைச் சொல்ல? புள்ள பக்கத்துல நின்னு கேக்குமே. அதான் நீங்க என்னா கறி வச்சீங்கன்னு கேப்பேன். நீங்க கருவாடு, பருப்புன்னு சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே அந்தக் கண்றாவியை விழுங்கிருவேன்."

அவள் கறி விசாரித்தபோதெல்லாம், வேறு எவளாவது வந்து சமைக்கிறாளா என்று வேவு பார்க்கிறாள் என்றுதான் கன்னையா நினைத்திருந்தார். அதற்காகவே சில நாள் எரிச்சலோடு போனை வைத்திருக்கிறார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"கலா, நான் அதை..."

"கான்ல கொட்டுறீங்க. தெரியும். காலையில கான் கூட்டுறது நான்தானே."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல? மிஸ் அந்தப் பேச்சு பேசினப்பவாவது என்னையக் காட்டிக் குடுத்திருக்கலாமே?"

விஜயகலா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் தொண்டையில எறங்கலையாக்கும்னு நெனச்சேன். எறங்காததை ஒருத்தர் முன்னால இருந்து திங்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்ங்க. அதான் தண்ணி பிடிக்கப் போற சாக்குல வெளிய போயிருவேன். விரலை நெனச்சா பயமா இருக்கும், மறுநாளும் செய்வேன்." பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "எறங்கலைதானே?"

பிறந்ததிலிருந்து யாரையும் நம்பாத கன்னையாவுக்குக் காளிதாஸ் சொன்னது முழுக்க நாக்கின் நுனியில் நின்றது.

"ஆமா கலா. எறங்கல."

அவள் அதை அப்படியே நம்பினாள். "அப்ப நாளைக்கு மொளகு கொஞ்சம் கூடப் போட்டுப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கன்னையா பின்னாலேயே போய் உட்கார்ந்து, சட்டியோடு எடுத்து வைத்து, மிச்சமில்லாமல் தின்றார்.