நாலாவது டிவிஷனில் என் மகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டிரையரிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். மாடியில் மேகாவின் அறையிலிருந்து அழுகைச் சத்தம்.

விசும்பல் இல்லை. வாய்விட்ட அழுகை.

மேகா எங்கள் ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு. காலேஜ் அப்ளிகேஷன் சீசன். டெக்சாஸில், எங்கள் ரவுண்ட் ராக் ஊரில் நம் ஆட்கள் வீட்டில் இந்த சீசனில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் அழுகை என்றால்?

படியேறுவதற்குள் என் மனசு எங்கெல்லாமோ போய் வந்துவிட்டது. மார்க்? யாராவது பையன்? உடம்புக்கு ஏதாவது? அவளே தனக்கு ஏதாவது...?

கணவர் எனக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். “மேகா, கதவைத் திறம்மா. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம். அப்பா திட்ட மாட்டேன்.”

திறந்தாள். மூக்கு சிவந்திருந்தது. “அடுத்த வருஷம் டீம் கிடையாதாம். லீக்லேருந்தே லீவ் எடுக்கறாங்களாம். நெக்ஸ்ட் சண்டேதான் லாஸ்ட் மேட்ச்.”

“எந்த டீம்? ஸ்கூல் டீமா?”

“மை டீம். பிரேசில்ல.”

கணவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் சிரித்தும்விட்டார். “அட! ஃபுட்பால்தானா!”

கதவு சாத்தப்பட்டது. அறைந்து சாத்தவில்லை. மெதுவாக. அதுதான் பயமாக இருந்தது.

அன்றைக்கு டின்னரில், பாவம் என்று, நானே பேச்சை எடுத்தேன். “அது என்ன கிளப் கண்ணா, சொல்லேன்.” ஒரு மாதமாக ‘யா’, ‘நோ’, ‘ஓகே’ என்று மட்டும் பேசிய பெண், தோசை ஆறுவதுகூடத் தெரியாமல் பேசினாள்.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ரயில்வே பட்டறை ஆட்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப். ரயில் நின்றுபோனது, கிளப் நிற்கவில்லை. மேகா பிறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு நல்ல வருஷம் — படிப்படியாக ஏறி மாநிலத்தின் முதல் டிவிஷனுக்கு வந்து, பெரிய நகரத்து கிளப் ஒன்றைச் சொந்த மைதானத்தில் ஜெயித்திருக்கிறார்கள். மறுநாள் ஊரில் யாரும் வேலைக்குப் போகவில்லையாம்.

அப்புறம்? ஜெயித்தால் நல்லது நடக்கும் என்று நினைப்போம் இல்லையா? கோல்கீப்பரைப் பெரிய கிளப் தூக்கிக்கொண்டு போனது. ஃபார்வர்டை இன்னொன்று. பின்னாலேயே கோச்சும் போனார். அடுத்த வருஷம் இரண்டாவது டிவிஷன். பிறகு மூன்று. பிறகு நாலு. அதற்குக் கீழே டிவிஷன் கிடையாது.

நடுவில் பல் டாக்டர் ஒருவர் தலைவராக வந்து, ராசி சரியில்லை என்று பச்சை ஜெர்சியை ஆரஞ்சாக மாற்றினாராம். ரசிகர்கள் கேலரியில் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பச்சை திரும்பி வந்தது. வெற்றிதான் வரவில்லை.

“உனக்கு எப்படிம்மா இவங்களைத் தெரியும்?” என்றார் கணவர்.

எட்டாம் வகுப்பில் ஏதோ வீடியோ கேம். கேலிக்காக ஃப்ரெண்ட்ஸ் இருப்பதிலேயே மோசமான டீமை இவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அப்படி நிஜமாகவே ஒரு டீம் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, உள்ளூர் ரேடியோக்காரர் ஒருவர் இன்டர்நெட்டில் ஒளிபரப்பும் மேட்சைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். அதைக் கேட்டுக் கேட்டே போர்ச்சுகீஸ் வந்துவிட்டதாம். எட்டு வருஷம் தமிழ்ப் பள்ளிக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனவள் நான்... சரி, விடுங்கள்.

“வேற நல்ல டீமா பாத்து சப்போர்ட் பண்ணக்கூடாதா?” என்றார் கணவர். ஸ்கூல் ரேட்டிங் பார்த்து இரண்டு முறை வீடு மாற்றிய மனிதர். நியாயமான சந்தேகம்தான்.

“அப்பா! நோபடி டஸ் தட்.”

எனக்கோ உள்ளே பல்பு எரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு, கையை ஆட்டிக்கொண்டு என்னமாய்ப் பேசுகிறாள்! வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கலாம். நம்மால் முடியுமா?

“மேகா, இதையே காலேஜ் எஸ்ஸேயா எழுதேன்! எவ்வளவு யூனிக்கா இருக்கு! ஒரு ஃபேன் கிளப் ஆரம்பிச்சேன்னு வை, லீடர்ஷிப்பும் காட்டலாம்.”

அவள் கை அப்படியே நின்றது. தட்டை எடுத்து சிங்க்கில் வைத்தாள்.

“அம்மா, பியானோ காலேஜுக்கு. லைப்ரரி வாலன்டியரிங் காலேஜுக்கு. இது ஒண்ணுதான் எதுக்கும் இல்லாம நான் பண்றது. ப்ளீஸ், இதையும் எடுத்துக்காத.”

மகள் இவ்வளவு நீளமாகத் தமிழில் பேசி நான் கேட்டதில்லை. சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

அடுத்த ஆறு நாளும் அந்த ‘யா’, ‘நோ’, ‘ஓகே’கூடக் கிடையாது. இன்னும் ஒரு வருஷத்தில் இந்தப் பெண் எந்த ஊருக்கோ படிக்கப் போய்விடுவாள். இப்படியே போய்விட்டால்?

ஞாயிறு வந்தது. கதவைத் தட்டினேன். “நானும் பாக்கட்டுமா?”

“ஒய்?”

“சும்மா.”

என்னையே பார்த்தாள். கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். “கேள்வி கேக்கக்கூடாது.”

லேப்டாப்பில் ஒரு மைதானம். புல்லைவிட மண் அதிகம். பாதி காலியான கேலரியில் பச்சைச் சட்டைகள். இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டோம். கவனியுங்கள், ‘வாங்கிவிட்டோம்’ என்று எழுதுகிறேன். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் நாலாவதும் வந்தது.

மேட்ச் முடியப்போகும் நேரத்தில் மேகா சாட்டில் என்னவோ டைப் செய்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த ரேடியோக்காரர் கரகரத்த குரலில் என்னவோ சொன்னார். ‘டெக்சாஸ்’ மட்டும் புரிந்தது. மேகா சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

கேள்வி கேட்கக்கூடாது. கேட்டுவிட்டேன். “என்ன சொல்றார்?”

“எங்கம்மா இன்னிக்குத்தான் ஃபர்ஸ்ட் டைம் பாக்கறாங்கன்னு சொன்னேன். உங்கிட்ட சாரி கேக்கறார்.”

முகம் தெரியாத எனக்கு அந்த மனிதர் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டார்! ஆறு நாளாகக் கிச்சனில் நின்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை அது.

“நானும் சாரிடா கண்ணா. அன்னிக்கு டின்னர்ல...”

“ஷ்ஷ்! அம்மா, கார்னர்!” என்றாள், என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு.

நாலு கோல் பின்தங்கியவர்களுக்குக் கடைசி நிமிஷத்து கார்னர் கிக்கால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்காதீர்கள். பந்து எங்கே போனது என்றே நான் பார்க்கவில்லை... அவள் கையை எடுக்கவில்லை.